நியூஸ் என்றால் நான்கு திசையா?

வணக்கம் ஐயா,

'நியூஸ்' என்ற ஆங்கிலச் சொல், வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு ஆகிய திசைகளின் ஆங்கிலப் பெயர்களிலிருந்து முதலெழுத்துகளைச் சேர்த்து உண்டானது என்று சின்ன வயதில் படித்தேன். மகளுக்கும் அதையே சொன்னேன். அவள் நம்ப மறுக்கிறாள். எது சரி?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகள் பக்கம்தான் சரி. 'நியூ' என்றால் புதிய. அதோடு பன்மை விகுதி சேர்ந்து 'நியூஸ்', அதாவது புதியவை. அவ்வளவுதான். ஆங்கிலத்தில் பெயரடையோடு பன்மை விகுதி சேராதே என்று தோன்றலாம். ஆனால் லத்தீனில் 'நோவா' என்றாலே புதியவை, பிரெஞ்சில் 'நுவெல்' என்பார்கள், இவற்றைப் பார்த்துத்தான் 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்தில் இப்படி ஆக்கிக்கொண்டார்கள். இங்கிலாந்தின் முதல் அச்சுக்கூடத்தைக் காக்ஸ்டன் என்பவர் வைத்ததே 1476-இல்தான், சொல் அதற்கும் மூத்தது. பழைய எழுத்துக்கூட்டலில் கடைசி எழுத்துக்கு முன்னால் இன்னொரு 'இ' வரும். அந்த ஐந்தாவது எழுத்துக்கு எந்தத் திசையைச் சொல்வது? கணக்கு அங்கேயே உதைக்கிறது. ஷேக்ஸ்பியர் காலத்தில்கூட இதை ஒருமையாகவும் பன்மையாகவும் மாறிமாறி ஆண்டார்கள், புதியவை என்ற பொருள் அப்போதும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்புறம், முதலெழுத்துகளைச் சேர்த்து ஒரு சொல்லாகவே உச்சரிப்பது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டுப் பழக்கம். ரேடார், லேசர் எல்லாம் அப்படி வந்தவை. அதற்கு முந்தைய சொல் எதற்காவது இப்படி விளக்கம் சொன்னால் நான் உடனே சந்தேகப்படுவேன்.

திசைக் கதை அழகாக இருப்பதால்தான் அது நிற்கிறது. எனக்கு உண்மைக் கதைதான் அதைவிட அழகு, ஏனென்றால் அது தமிழிலும் நடந்திருக்கிறது. ஈழத்தமிழர் செய்தியைப் 'புதினம்' என்பார்கள், "என்ன புதினம்?" என்றுதான் கேட்பார்கள். புதுமையிலிருந்து செய்தி, அப்படியே 'நியூஸ்' பிறந்த வழி. தமிழ்நாட்டில் அதே 'புதினம்' நாவலைக் குறிக்கிறது. அந்த 'நாவல்' என்ற சொல்லும், இத்தாலிய மொழி வழியாக, புதிய என்று பொருள்படும் அதே லத்தீன் வேரிலிருந்து வந்ததுதான். இதை மகளிடம் சொல்லுங்கள்.