மலிவான வயர்லெஸ் சென்சார் விசிறியை நிறுத்துமா?

கேள்வி: எங்கள் அரிசி ஆலையில் உமி எரியும் பாய்லருக்கு 55 கிலோவாட் ஐ.டி. ஃபேன் (புகையை உறிஞ்சி வெளியேற்றும் விசிறி) ஓடுகிறது, வேகம் 1,480 ஆர்.பி.எம். இம்பெல்லரில் (சுழலும் இறக்கைச் சக்கரத்தில்) சாம்பல் படிந்து பேரிங் இருமுறை போய்விட்டது. ஒரு விற்பனையாளர், வயர்லெஸ் அதிர்வு சென்சார் பொருத்தினால் ஆபத்து நேரத்தில் ஃபேனைத் தானாக நிறுத்திவிடலாம் என்கிறார். வாங்கலாமா?

பதில்: நிறுத்துவதற்கு என்றால் வேண்டாம். பேட்டரியில் இயங்கும் சென்சார்களில் பெரும்பாலானவை மின்சாரத்தை மிச்சப்படுத்தத் தூங்கித் தூங்கி விழிப்பவை. சில நிமிடங்களுக்கோ சில மணிகளுக்கோ ஒருமுறைதான் அளக்கும். படிந்த சாம்பலில் ஒரு கட்டி பெயர்ந்து விழுந்தால், இம்பெல்லர் அந்த நொடியே சமநிலை இழக்கும். அடுத்த அளவீடு வருவதற்குள் பேரிங் போயிருக்கும். பேரிங் மெல்ல மெல்லத் தேய்வதைக் கவனிக்க அது நல்ல கருவிதான், காவலுக்கு ஆகாது.

உங்களுக்குத் தேவை, அதிர்வை அளந்து, அதற்கேற்ற 4–20 மில்லியாம்பியர் மின்னோட்டத்தைக் கம்பிவழி இடைவிடாமல் அனுப்பும் அதிர்வு டிரான்ஸ்மிட்டர். 0–25 மி.மீ./நொடி அளவு போதும். அதிர்வே இல்லாவிட்டாலும் 4 வரும். கம்பி அறுந்தால் மின்னோட்டம் அதற்கும் கீழே இறங்கிவிடும். பேனலில் உடனே தெரியும். டர்பைன்களுக்கான பிராக்சிமிட்டி புரோப்பை யாராவது பரிந்துரைத்தால் மறுத்துவிடுங்கள். அது ஸ்லீவ் பேரிங்குக்குள் (குண்டுகள் இல்லாத, எண்ணெய்ப் படலத்தில் தண்டு சுழலும் பேரிங்) தண்டு அசைவதைத் தொடாமல் அளப்பது. பால் பேரிங் ஃபேனுக்கு வீண்செலவு.

அலாரம் எங்கே வைப்பது? பம்ப்புக்கான அதிர்வு வரம்பு அட்டவணையை ஃபேனுக்கும் ஒட்டிவிடுவது நம்மிடம் பழக்கம். 300 கிலோவாட் வரையான தொழிற்சாலை ஃபேன்களுக்கு ஐ.எஸ்.ஓ. 14694 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. கான்கிரீட் அடித்தளத்தில் இறுக்கிய ஃபேனுக்கு அது சொல்வது: அலாரம் 7.1, நிறுத்தம் 9 மி.மீ./நொடி. ஸ்பிரிங் மேல் நின்றால் அலாரம் 11.8, நிறுத்தம் 12.5. டிரிப்புக்கு (தானாக நிறுத்துவதற்கு) இரண்டு மூன்று நொடி தாமதம் கொடுங்கள். ஸ்டார்ட் ஆகும்போது வரும் அதிர்வுக்கெல்லாம் நின்றால், ஆபரேட்டர் ஒரு வாரத்தில் கம்பியைக் கழற்றிவிடுவார்.

பணத்தைவிட இடம்தான் முக்கியம். சென்சாரை பிளம்மர் பிளாக்கில் (பேரிங்கைத் தாங்கும் வார்ப்புக் கூட்டில்) துளையிட்டுத் திருகுங்கள். ஃபேன் உறையின் தகட்டில் ஒட்டினால் தகடு ஆடுவதைத்தான் அளக்கும். காந்தத்தில் ஒட்டுவது கையில் எடுத்துப்போய்ப் பார்ப்பதற்குச் சரி, நிரந்தரமாக அல்ல. ஐ.டி. ஃபேனில் சூடான புகை போவதால், விற்பனையாளரிடம் முதலில் வெப்பத் தாங்குதிறனைக் கேளுங்கள். இப்படிப்பட்ட டிரான்ஸ்மிட்டர்கள் பலவும் 85 டிகிரி செல்சியஸ் வரைதான். உங்கள் பிளம்மர் பிளாக்கின் சூட்டை இன்றே அளந்து, அந்த எண்ணோடு போங்கள்.