தொட்டிக்குள் வந்ததும் கூட்டம் ஏன் கலைகிறது?

ஐயாவுக்கு வணக்கம்,

என்னிடம் 400 லிட்டர் கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. பவளத்திட்டின் மேல் பச்சைக் குரோமிஸ் மீன்கள் நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் திரும்புவதை ஒரு காணொளியில் பார்த்துவிட்டு ஆசையாக 7 மீன்கள் வாங்கி விட்டேன். முதல் சில நாட்கள் ஒட்டிக்கொண்டே திரிந்தன. அப்புறம் ஆளுக்கொரு மூலை. 8 மாதத்தில் 4 மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்துவிட்டன. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம்தான். கூடவே இருக்கும் கோமாளி மீன்கள் நன்றாக இருக்கின்றன. தண்ணீரில் என்ன குறை? இன்னும் 5 வாங்கி விட்டால் கூட்டம் சேருமா?

கே.

அன்புள்ள கே.,

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் தண்ணீரில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. இன்னும் 5 வாங்க வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பச்சைக் குரோமிஸை “கூட்டமாக நீந்தும், சாதுவான மீன்” என்று சொல்லித்தான் எல்லா இடத்திலும் விற்கிறார்கள். உங்களைப் போல ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

கடலில் இந்த மீன்கள் கிளைப் பவளங்களை ஒட்டி வாழ்கின்றன. நீரோட்டம் கொண்டுவரும் மிதவை உயிரிகளைக் கொத்தித் தின்பதற்காகப் பவளத்துக்கு மேலே எழும்பி நிற்கும். பெரிய மீனின் நிழல் தெரிந்தால் போதும், அத்தனையும் ஒரே நொடியில் கிளைகளுக்குள் புகுந்துவிடும். அங்கே கூட்டம் என்பது உயிரைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி. 1971இல் ஹாமில்டன் என்ற உயிரியலாளர் இதை அழகாக விளக்கினார்: தனக்கும் எதிரிக்கும் நடுவில் இன்னொருவன் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு விலங்கும் உள்ளே நெருங்கி வந்தாலே போதும், கூட்டம் தானாக உண்டாகிவிடும். ஒன்றன் மேல் ஒன்றுக்குப் பாசம் தேவையே இல்லை.

இப்போது உங்கள் தொட்டிக்கு வருவோம். முதல் நாட்களில் நீங்கள் ரசித்தது பயத்தால் சேர்ந்த கூட்டம். புது இடம், புது வெளிச்சம், கண்ணாடிக்கு வெளியே நடமாடும் பெரிய உருவம். இங்கே யாரும் தின்ன வரவில்லை என்று பழகியதும் பயம் போயிற்று, கூடவே கூட்டமும் போயிற்று. மிஞ்சியது படிநிலை. குரோமிஸ் உங்கள் கோமாளி மீனின் குடும்பம்தான். இடத்துக்காகச் சண்டை போடுவது அந்தக் குடும்பத்துக்கே உள்ள குணம். கடலிலும் பெரியது சிறியதைத் துரத்தும். ஆனால் அடி வாங்கியது பத்தடி தள்ளி வேறு கிளைக்குப் போய்விடலாம். தொட்டியில் அது எங்கே போகும்? கடைசிப் படியில் இருப்பது நாள் முழுக்கத் துரத்தப்பட்டு, தின்ன முடியாமல் இளைத்துச் சாகும். அது போனதும் அடுத்தது கடைசிப் படிக்கு வரும். அதனால்தான் ஒரேயடியாக இல்லாமல் ஒவ்வொன்றாகப் போகின்றன.

இதைக் கண்ணால் பார்க்கவேண்டுமென்றால் தீனி நேரத்தில் பார்க்காதீர்கள். அப்போது எல்லாம் சேர்ந்துதான் நிற்கும், ஒன்றும் தெரியாது. விளக்கு அணைவதற்கு முந்தைய அரை மணி நேரம் தொட்டி முன்னால் உட்காருங்கள். ஒவ்வொரு மீனுக்கும் பாறையில் தூங்க ஒரு பொந்து உண்டு. பெரியது தன் பொந்துக்குள் போவதும், திரும்ப வெளியே வந்து இன்னொன்றை விரட்டுவதும், மறுபடி உள்ளே போவதுமாக இருக்கும். விரட்டப்பட்டது நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு மூலையிலோ ஹீட்டருக்குப் பின்னாலோ ஒண்டி நிற்கும். வால் ஓரம் நைந்திருக்கும். நிறம் மங்கியிருக்கும். அடுத்து எது போகும் என்று அப்போதே தெரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். செத்த மீன்களின் விலாவில் சிவந்த புண் இருந்ததா? இருந்திருந்தால் கதை வேறு. யூரோனீமா என்ற ஒட்டுண்ணி குரோமிஸை அடிக்கடி தாக்கும். மூச்சு வேகமாகும், புண் சதை வரை போகும், சில நாட்களிலேயே முடிந்துவிடும். மீன் உடம்பு இல்லாமலும் தொட்டியில் பாக்டீரியாவைத் தின்று அது வாழும் என்பதால், வந்த பிறகு விரட்டுவது பெரிய பாடு. புது மீன் எதுவானாலும் தனித்தொட்டியில் நாலைந்து வாரம் வைத்துப் பார்த்த பிறகே பெரிய தொட்டிக்குள் விடுங்கள். இதை நான் எத்தனை முறை எழுதினாலும் அலுக்காது.

சரி, கூட்டமாக வைக்க எதுவுமே இல்லையா? இருக்கிறது. எனக்குப் பிடித்தது த்ரெட்ஃபின் கார்டினல். விரல் நீளம்கூட வராது. உடம்பு கண்ணாடி போல ஊடுருவித் தெரியும், கண்ணைச் சுற்றி நீலம் மின்னும். சண்டைக்குப் போகாது, நெருங்கியே மிதக்கும். பைஜாமா கார்டினலும் பரவாயில்லை, கொஞ்சம் சோம்பலான மீன். ஆனால் பங்காய் கார்டினலைக் கூட்டமாக வைக்காதீர்கள். குட்டிகளாக இருக்கும்வரை கூடியிருக்கும். ஒரு சோடி சேர்ந்ததும் அந்தச் சோடி மற்றவற்றைக் கொன்றுவிடும். இந்தோனேசியாவின் பங்காய் தீவுகளை ஒட்டி மட்டுமே இயற்கையாக வாழ்ந்த மீன் அது. வளர்ப்புச் சந்தைக்காகப் பிடித்துப் பிடித்தே குறைந்து, 2007இல் அழிவுநிலைப் பட்டியலில் ஏறிவிட்டது. சோடியாக வாங்கினாலும் பண்ணையில் பிறந்ததையே கேட்டு வாங்குங்கள்.

ஆந்தியாஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதைத்தான் யாராவது கைகாட்டுவார்கள். ஓர் ஆண், பல பெண்கள் என்று வாழும் மீன். ஆண் செத்துப்போனால் பெண்களில் வலுவானது ஆணாக மாறிவிடும். 1970இல் ஃபிஷெல்சன் இதைச் சோதித்தே காட்டினார். இரண்டு ஆண் வாங்கிவிட்டால் ஒன்றுதான் மிஞ்சும். ஒன்றுகூட வாங்கவில்லை என்றாலும் கவலை இல்லை, தொட்டியே ஓர் ஆணை உண்டாக்கிக்கொள்ளும். சிக்கல் தீனியில்தான். நாள் முழுக்க மிதவை உயிரிகளைப் பொறுக்கித் தின்று பழகிய உடம்பு அது. ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளையாவது உறைந்த மைசிஸ் (இறால் போன்ற சிற்றுயிர்) போன்ற பொடித்தீனி போட முடியாதவர்கள் அதைத் தொடவே கூடாது. தலைக்குப் பின்னால் முதுகுச் சதை ஒட்டிப்போவதைப் பார்த்து விழித்துக்கொள்வதற்குள் காலம் கடந்திருக்கும்.

பெரிய மீன் ஒன்றை உள்ளே விட்டால் பயந்து கூட்டம் சேருமே என்று சிலர் சொல்வார்கள். சேரும், உண்மைதான். நம் கண்ணுக்கு அழகாக இருக்கவேண்டும் என்பதற்காக ஓர் உயிரை ஆயுள் முழுக்கப் பயத்தில் வைத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதைச் செய்யாதீர்கள்.

இருக்கிற மூன்றையும் அப்படியே விடுங்கள். புதிதாக 5 வந்தால், ஏற்கெனவே இடம் பிடித்து வைத்திருக்கும் இவை முதல் நாளே வேலையைக் காட்டும். மூன்றில் ஒன்று மூலையிலேயே நின்றால் அதை மட்டும் எடுத்து வேறு தொட்டி உள்ள நண்பரிடம் கொடுத்துவிடுங்கள். கூட்டம்தான் வேண்டுமென்றால் த்ரெட்ஃபின் கார்டினல் ஏழெட்டு, ஒரே அளவில், தனித்தொட்டிக் காலம் முடிந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாக விடுங்கள். பகல் தீனியைக் குரோமிஸ் முந்திக்கொள்ளும். அதனால் விளக்கு மங்கி, அவை பொந்துக்குப் போன பிறகு கார்டினல்களுக்கென்று ஒரு வேளை தனியாகப் போடுங்கள். அந்த நேரத்தில்தான் அவற்றுக்கும் நல்ல பசி இருக்கும்.