தேதியை எழுத்தாகச் சேமித்துவிட்டால் வரிசைப்படுத்துவது எப்படி?

கேள்வி: மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் டேபிளில் பில் தேதியை ‘வார்சார்’ என்ற எழுத்து வகையில், நாள்-மாதம்-ஆண்டு என்று வைத்திருக்கிறேன். வரிசைப்படுத்த ‘ஆர்டர் பை’ கொடுத்தால் 2021 பில் மேலேயும் 2019 பில் கீழேயும் வருகிறது. டேபிளை மாற்றாமல் சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியும். ஆனால் டேபிளையும் மாற்றிவிடுங்கள் என்பதுதான் என் கட்சி.

05-12-2021, 12-03-2020, 28-01-2019. நமக்கு இவை தேதிகள். டேட்டாபேஸுக்கு வெறும் எழுத்துகள். அகராதியில் சொற்களை அடுக்குவது போல இடது ஓரத்திலிருந்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடும். 0, 1, 2 என்று முதல் எழுத்திலேயே முடிவு தெரிந்துவிடுவதால் ஆண்டு வரை அது போவதே இல்லை. அது தரும் ஏறுவரிசை நான் மேலே எழுதிய அதே வரிசைதான். அசல் கால வரிசைக்கு நேர் தலைகீழ்!

உடனடி வழி: ‘ஆர்டர் பை’யில் நெடுவரிசையின் பெயரை மட்டும் போடாமல், ‘எஸ்டிஆர் டூ டேட்’ ஃபங்ஷனுக்குள் வைத்துக் கொடுங்கள். வடிவத்தைச் சொல்லும் இடத்தில் ஒவ்வொன்றுக்கும் முன்னால் சதவீதக் குறியோடு சின்ன டி (நாள்), சின்ன எம் (மாதம்), பெரிய ஒய் (நான்கு இலக்க ஆண்டு). நடுவில் உங்கள் தேதியில் உள்ள அதே கோடு. பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்பதில் கவனம் தேவை. சின்ன ஒய் என்றால் இரண்டு இலக்க ஆண்டு. 2019-இல் முதல் இரண்டு இலக்கமான 20-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை விட்டுவிட்டு, 2020 என்று வைத்துக்கொள்ளும். 2021-க்கும் அதே கதி. எல்லாப் பில்லும் ஒரே ஆண்டுக்குப் போய்விடும். எரர் எதுவும் வராது. அதனால் பழைய மதிப்பையும் மாற்றிய மதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் செலக்ட் செய்து ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

வடிவத்துக்குப் பொருந்தாத மதிப்புகள் ‘நல்’, அதாவது மதிப்பே இல்லாத வெற்றிடம், ஆகிவிடும். மைஎஸ்கியூஎல் ஏறுவரிசையில் அவை எல்லாவற்றுக்கும் மேலே வந்து நிற்கும். சாய்கோடு போட்டு எழுதியவை, 13-ஆவது மாதம் என்று விழுந்தவை எல்லாம் அங்கே சிக்கும். யாராவது மாதத்தை முன்னால் போட்டு 03-04-2020 என்று எழுதியிருந்தால் மட்டும் எந்த ஃபங்ஷனாலும் பிடிக்க முடியாது. அசல் பில்லைத்தான் பார்க்க வேண்டும்.

இதோடு நிறுத்திக்கொள்ள ஏன் வேண்டாம் என்கிறேன்? ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு வரியையும் மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும்; தேடலை வேகமாக்க அந்த நெடுவரிசையில் போட்ட சாதாரண இண்டெக்ஸும் உதவாது. அப்புறம், இரண்டு தேதிகளுக்கு நடுவில் உள்ளதைக் கேட்கும் ‘பிட்வீன்’ போட்டு ஒரு மாதப் பில்லை எடுக்கும்போதும் இதே தப்பு வரும்.

எனவே பேக்கப் எடுத்துக்கொண்டு, ‘டேட்’ வகையில் புது நெடுவரிசை ஒன்றைச் சேருங்கள். ‘நல்’ ஆகும் வரிகளை முதலில் தேடித் திருத்துங்கள். தவறான மதிப்பை ஏற்காத ஸ்டிரிக்ட் மோட் இருந்தால் ஒரே ஒரு தவறான தேதிகூட அப்டேட்டை நிறுத்திவிடும். பிறகு மாற்றிய தேதிகளைப் புது நெடுவரிசையில் அப்டேட் செய்து, புரோகிராமும் புதியதிலேயே எழுதும்படி மாற்றுங்கள். திரையில் நாள்-மாதம்-ஆண்டு என்று காட்ட ‘டேட் ஃபார்மேட்’ இருக்கிறது.

மற்ற டேட்டாபேஸ்களில், போஸ்ட்கிரெஸில் இதே வேலையை ‘டூ டேட்’ செய்யும். எஸ்கியூஎல் சர்வரில் ‘கன்வர்ட்’, உங்கள் வடிவத்துக்கு எண் 105. எஸ்கியூஎல்லைட்டில் தனியாகத் தேதி வகையே கிடையாது. அங்கே எழுத்தாகத்தான் வைக்க வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ 8601 முறைப்படி ஆண்டு-மாதம்-நாள் என்று வையுங்கள், எழுத்து வரிசையே கால வரிசையாகிவிடும். செப்டம்பரை 09 என்றே எழுதுங்கள். வெறும் 9 என்று விட்டால் அது டிசம்பருக்கும் பின்னால் போய் உட்காரும்.