ஆடிட் முடிந்த கம்பெனியில் என்ன ஆபத்து?

கேள்வி: பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டத்திலிருந்து பெண்கள் பலர் கம்பெனி வேனில் எல்லை தாண்டி, கோவை, பொள்ளாச்சிப் பக்கத்து ஆயத்த ஆடைக் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களான பையர்கள், தொழிற்சாலையின் பாதுகாப்பையும் வேலை நிலைமையையும் சோதிக்கும் ஆடிட் நடத்தி, சான்றிதழ் பார்த்த பிறகுதான் ஆர்டர் தருகிறார்கள். அதற்குப் பிறகும் பாதுகாப்பு, சங்கம் என்று நீங்கள் எழுதிக்கொண்டிருந்தால் ஆர்டர் வங்கதேசத்துக்குப் போய்விடாதா?
ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆடைத் தொழிற்சாலை 2012 செப்டம்பர் 11 அன்று எரிந்தபோது, தொழிலாளர் நலன் முறையாகக் காக்கப்படுகிறது என்பதற்காகப் பையர்கள் பெரிதும் மதிக்கும் எஸ்.ஏ. 8000 சான்றிதழ் அதனிடம் இருந்தது. அதைப் பெற்றுச் சில வாரங்களே ஆகியிருந்தன. பூட்டிய கதவுகளுக்கும் கம்பியடித்த சன்னல்களுக்கும் உள்ளே சிக்கி 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரல் 24 அன்று, டாக்காவை அடுத்த சாவரில் எட்டு மாடி ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் மாண்டார்கள். அங்கும் ஆடிட் முடித்த கம்பெனிகள் இருந்தன. முதல் நாளே விரிசல் தெரிந்துவிட்டதால் கீழ்த்தளங்களில் இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. தையல் வேலைக்கு வந்தவர்களை மட்டும், சம்பளம் கிடைக்காது என்று மிரட்டி, மறுநாள் காலை மேலே அனுப்பினார்கள். "இந்தக் கட்டடத்தில் இன்று மெஷினில் உட்கார மாட்டோம்" என்று சொல்லும் பலம் அவர்களுக்கு இருந்திருந்தால் பெரும்பாலோர் இன்று உயிரோடு இருப்பார்கள். அந்தப் பலத்தை எந்தச் சான்றிதழும் அவர்களுக்குத் தரவில்லை.

ஆடிட் நடக்கும் முறையையும் பாருங்கள். அதற்கான செலவைப் பல இடங்களில் தொழிற்சாலையே ஏற்கிறது. வரும் நாள் முன்கூட்டியே தெரிந்துவிடுவதும், என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று பெண்களுக்குக் கற்றுக்கொடுப்பதும் உண்டு. ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்த சிறு யூனிட்டுக்குள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பீஸுக்கு எவ்வளவு விலை கொடுத்தார், ஷிப்மென்ட் தேதியை எவ்வளவு நெருக்கினார் என்று பையரை அந்த ஆடிட் கேட்பதே இல்லை. நள்ளிரவு வரை ஓவர்டைம் ஓடுவதற்கு அந்த இரண்டும் காரணமாக இருக்கும்போது, குற்றம் முழுவதையும் கம்பெனி முதலாளியின் தலையில் கட்டுவது நியாயமில்லை என்றே நான் கருதுகிறேன்.

ஆர்டர் வங்கதேசத்துக்குப் போய்விடும் என்கிறீர்கள். அந்த வங்கதேசத்தில்தான், 2013 மே மாதத்தில், தொழிற்சங்கங்களும், பின்னர் 200க்கு மேல் பெருகிய பிராண்டுகளும் சட்டப்படி கட்டுப்படுத்தும் தீ மற்றும் கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தத்தைச் செய்தன. சோதனை அறிக்கைகள் வெளியிடப்பட்டன. பழுதைச் சரிசெய்யாத தொழிற்சாலையிடம் வாங்கக் கூடாது, சரிசெய்யப் பணவசதி கிடைக்கும்படி பிராண்டு பார்த்துக்கொள்ள வேண்டும், ஆபத்தான இடத்தில் வேலை செய்ய மறுக்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்பவை அதன் விதிகள். பேச்சை மீறியதாக இரண்டு பிராண்டுகளைச் சங்கங்கள் தி ஹேக் நடுவர் மன்றம் வரை இழுத்தன. இத்தனைக்கும் பிறகு, 2012-13இல் சுமார் 2,150 கோடி டாலராக இருந்த அந்நாட்டின் ஆயத்த ஆடை ஏற்றுமதி, 2018-19இல் 3,400 கோடி டாலரைத் தாண்டியது. நீங்கள் அஞ்சும் ஆர்டர் இழப்பு அங்கே நேரவில்லை.

நம் பக்கத்திலும் முன்மாதிரி இருக்கிறது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதித் தொழிற்சாலை ஒன்றின் இளம் தலித் பெண் தொழிலாளி, தன் மேற்பார்வையாளராலேயே கொல்லப்பட்டார். அதன் பிறகு பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடி, 2022 ஏப்ரலில், வேலையிடத்தில் பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்கும் திண்டுக்கல் ஒப்பந்தத்தை உருவாக்கியது. எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய வெளிநாட்டு பிராண்டுகள் அதற்குக் கட்டுப்பட்டுக் கையெழுத்திட்டன. சங்கம் என்ற சொல்லை நான் திரும்பத் திரும்ப எழுதுவது இதனால்தான்.

உங்கள் ஊர்ப் பெண்களுக்கு உடனே தெரிய வேண்டியது ஒன்று உண்டு. ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுச் சட்டத்தின் 2010 திருத்தத்திலிருந்து, வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ நேரும் விபத்து, வேலையோடு அதற்குள்ள தொடர்பு நிறுவப்பட்டால், பணியிட விபத்தாகவே கொள்ளப்படுகிறது. அது மத்தியத் திட்டம் என்பதால், வேன் கவிழ்ந்தது எல்லையிலுள்ள வேலந்தாவளத்துக்கு எந்தப் பக்கம் என்பது பொருட்டில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் பெயரில் ஈ.எஸ்.ஐ. எண் இருக்க வேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டப்படுகிறதா என்று இந்த மாதமே பார்க்கச் சொல்லுங்கள். தொழிற்சாலைக்குள் கதவு பூட்டப்படுகிறது, தீயணைப்புக் கருவி இல்லை என்றால், வீடு கேரளத்தில் இருந்தாலும், புகார் போக வேண்டியது தமிழ்நாட்டின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு.