பரிசோதனை முதலிலா, பாலிசி முதலிலா?

கேள்வி: எனக்கு வயது 38. அம்மாவுக்கு 47 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. சென்ற மாதம் அக்காவுக்கு பிஆர்சிஏ1 மரபணுவில், மார்பகப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் பிறழ்வு இருப்பது தெரிந்தது. என் ஆண்டு வருமானத்தைப் போல மூன்று மடங்கு வீட்டுக்கடன், இரண்டு சிறு பிள்ளைகள். டேர்ம் பாலிசி (சேமிப்பு இல்லாமல், காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எடுக்க வேண்டும் என்று நான்கு வருடமாக நினைக்கிறேன். ஏஜென்டாக இருக்கும் மாமாவிடம் மூன்று சேமிப்பு பாலிசிகள் எடுத்திருக்கிறேன்; வருமானத்தில் 100க்கு 9 அதற்குப் போகிறது, மொத்த கவரேஜ் ஒரு வருட வருமானம். மாமா, “வீட்டிலேயே எச்சிலை எடுத்து அனுப்பி மரபணுவைப் பார்க்கும் எச்சில் கிட் வாங்கிப் பார். ஒன்றும் இல்லையென்றால் இன்னொரு சேமிப்பு பாலிசி போடலாம். ஏதாவது இருந்தால் படிவத்தில் எழுதாதே” என்கிறார். என்ன செய்ய?

பதில்: மரபணுவைவிட அந்த “நான்கு வருடமாக” என்பதுதான் என்னை உறுத்துகிறது. மாமா மனம் கோணக்கூடாது என்று மூன்று முறை கையெழுத்துப் போட்ட நீங்கள், பிள்ளைகளுக்காக ஒரு முறைகூடப் போடவில்லை.

வருமானத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். கடன் 300. குடும்பச் செலவு வருடத்துக்கு 60 என்றால் 15 வருடத்துக்கு 900. ஆக 1,200 தேவை, கையில் இருப்பது 100. இந்தப் பள்ளத்தை அடைக்கும் டேர்ம் பாலிசிக்கு, அம்மாவின் நோயைக் காட்டிக் கூடுதல் பிரீமியம் கேட்டாலும், நீங்கள் இப்போது கட்டும் 9 வேண்டியிருக்காது.

எனவே விண்ணப்பம் முதலில், பரிசோதனை பிறகு. அக்காவுக்கு இருப்பதால் உங்களுக்கும் இருக்க ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாக மரபணுப் பரிசோதனை செய்துகொண்டு வரச் சொல்வதில்லை. ஆனால் ஏற்கெனவே செய்திருந்தால், பல இடங்களில் முடிவைக் கேட்கலாம், அதை வைத்துப் பிரீமியத்தை ஏற்றலாம், மறுக்கவும் செய்யலாம். மரபணுவைக் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கும் அமெரிக்காவின் 2008ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவக் காப்பீட்டையும் வேலையையும்தான் காக்கிறது. ஆயுள் காப்பீடு அதற்கு வெளியே. கனடாவில் 2017 முதல் முடிவைக் காட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதே குற்றம். பிரிட்டனில் 5 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட ஆயுள் பாலிசிக்கு, அதுவும் ஹண்டிங்டன் என்ற பரம்பரை மூளை நோய்க்கான முடிவை மட்டும் கேட்கலாம். உங்கள் நாட்டு விதி எது என்று மாமாவிடம் கேட்காதீர்கள், கமிஷன் வாங்காத ஒருவரிடம் கேளுங்கள்.

அந்தக் கிட் மோகம் எனக்குப் பிடிபடவே இல்லை. எச்சில் கிட் விற்கும் 23அண்ட்மீ நிறுவனத்தின் பிஆர்சிஏ சோதனைக்கு 2018இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது, அது பார்த்தது 3 பிறழ்வுகளை மட்டும். அறியப்பட்டவையோ ஆயிரத்துக்கும் மேல். “ஒன்றும் இல்லை” என்று வருவதற்கு அங்கே என்ன மதிப்பு? அதே நிறுவனம் 2025இல் திவால் பாதுகாப்பு கேட்டபோது, தங்கள் தகவல் யார் கைக்குப் போகுமோ என்று வாடிக்கையாளர்கள் பதறினார்கள். மரபணு ஆலோசகர் வழியாக, அக்காவுக்கு இருக்கும் அதே பிறழ்வு உங்களுக்கு உண்டா என்று பார்ப்பதே சரியான சோதனை. அது இல்லை என்று வந்தால் கூடுதல் பிரீமியத்தைக் குறைக்கச் சொல்லியும் கேட்டுப் பார்க்கலாம்.

படிவத்தில் மறைப்பது? கூடவே கூடாது. அம்மாவின் நோய், அது வந்த வயது, கேட்டால் அக்காவின் முடிவு, எல்லாம் உள்ளபடி எழுதுங்கள். மறைத்த பாலிசியில் கிளெய்ம் மறுக்கப்பட்டால் அலைவது மாமா இல்லை, உங்கள் பிள்ளைகள்.

மார்பகப் பரிசோதனைக்கு மருத்துவரிடம் போவதை மட்டும் இதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். கட்டி, வலி ஏதாவது தெரிந்தால் இன்றே போங்கள். விண்ணப்பம் கொடுத்த பிறகும் அவசரப்பட்டு மரபணுச் சோதனைக்கு ஓட வேண்டாம். பாலிசி அமலுக்கு வருவதற்குள் உடல்நிலை பற்றிப் புதிதாக ஏதாவது தெரிந்தால் பல நிறுவனங்களுக்கு அதைத் தெரிவித்தாக வேண்டும். அமலுக்கு வந்த பின் தெரியும் முடிவை அந்த டேர்ம் பாலிசிக்காகப் பொதுவாகச் சொல்ல வேண்டியதில்லை. முதல் பிரீமியம் கட்டிப் பத்திரம் கைக்கு வந்ததும் ஆலோசகரிடம் நேரம் வாங்குங்கள். மாமாவின் நான்காவது பாலிசிக்கு, “கடன் முடியட்டும் மாமா” என்று சொன்னால் போதும்.