மகன் ஸ்கேட்போர்டைத் தொழிலாக்கப் போகிறானாம், கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: நாங்கள் கலிஃபோர்னியாவில், சான் ஹோசேயில் வசிக்கிறோம். 17 வயது மகனுக்கு ஒரு நிறுவனம் சில மாதங்களாக இலவசமாக ஸ்கேட்போர்டுகள் அனுப்பிவந்தது. இப்போது ஒப்பந்தமும் அனுப்பியிருக்கிறது. கல்லூரியைத் தள்ளிவைத்துவிட்டு ஸ்ட்ரீட் ஸ்கேட்டிங்கில், அதாவது தெருப் படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி போன்றவற்றில் சாகசம் செய்யும் ஸ்கேட்டிங்கில் இறங்குகிறேன் என்கிறான். ஆனால் எந்தப் போட்டியிலும் பரிசு வாங்கியதில்லை. இதை நம்பி வாழ முடியுமா?

பதில்: பரிசு வாங்காததை விட்டுத்தள்ளுங்கள். இந்தத் துறையில் அது பெரிய குறையே அல்ல. இங்கே 'புரோ', அதாவது தொழில்முறை வீரர், ஆவதற்குத் தேர்வும் இல்லை, தரவரிசையும் இல்லை. ஒரு போர்டு நிறுவனம் ஒருவருடைய பெயரை அச்சிட்டு போர்டை விற்பனைக்கு விடும் நாளில் அவர் புரோ ஆகிறார். பெரும்பாலும் அவருக்கே சொல்லாமல் செய்து, நண்பர்கள் கூடியிருக்கும்போது கையில் கொடுப்பார்கள். அதற்கு முன்பு இரண்டு படிகள் உண்டு. சரக்கு மட்டும் வரும் 'ஃப்ளோ', பிறகு அணியில் பெயர் சேரும் 'அமெச்சூர்'. உங்கள் மகன் முதல் படியில் இருந்திருக்கிறான். இலவச போர்டு சம்பளம் ஆகாது.

அடுத்த படிக்கு ஏற்றிவிடுவது வீடியோ பார்ட், அதாவது ஒரு ஸ்கேட்டரின் சிறந்த சாகசக் காட்சிகளைக் கோத்த வீடியோ. சில நிமிடங்களே ஓடும் இந்தத் தொகுப்புக்கு ஓராண்டு, ஈராண்டு உழைப்பு போகும். ஒரு பள்ளிக்கூடப் படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியில் சறுக்கி இறங்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பிக்கு மெழுகு தேய்ப்பார்கள், ஓடிவரும் வழியிலுள்ள விரிசலை நிரப்புவார்கள், ஒளிப்பதிவாளர் மீன்கண் லென்ஸோடு கீழே குனிந்து உட்காருவார். பையன் விழுந்து எழுந்து மறுபடி மறுபடி ஏறுவான், நடுவில் காவலாளி வந்து விரட்டுவார். எல்லாம் கூடிவந்தால் மூன்று நொடிக் காட்சி கிடைக்கும். 1981 முதல் வெளிவரும் 'த்ராஷர்' ஸ்கேட்போர்டு இதழ் ஆண்டுதோறும் அறிவிக்கும் சிறந்த ஸ்கேட்டர் பட்டத்துக்கும் இத்தகைய காட்சிகளே பெரிதும் கணக்கில் வருகின்றன. நியூயார்க்கின் டைஷான் ஜோன்ஸ் அதை 2018, 2022 என இருமுறை பெற்றார்.

போட்டிப் பாதை தனி. டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்ற ஜப்பானின் யூட்டோ ஹொரிகோமே அதற்கு உதாரணம். ஆனால் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் ஸ்ட்ரீட் பிரிவில் இருந்தவை மொத்தம் 22 இடங்கள், ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் மூன்று. அமெரிக்க அணியில் இடம் பிடிப்பது எவ்வளவு கடினம் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே மகனிடம், "எந்த ஒளிப்பதிவாளர் உன்னைத் தானாகக் கூப்பிடுகிறார்?" என்று கேளுங்கள். பெயர்கள் வந்தால் நல்ல அறிகுறி. வெறும் இன்ஸ்டாகிராம் எண்ணிக்கை வந்தால் அவசரப்பட வேண்டாம்.

இனி காசு. புரோ போர்டு ஒன்று விற்றால் வீரருக்குக் கிடைப்பது ஓரிரு டாலர்தான். மாதம் 500 போர்டு விற்று, இரண்டு டாலர் வீதம் வந்தாலும் ஆயிரம் டாலர். சான் ஹோசே வாடகை உங்களுக்கே தெரியும். உண்மையான வருமானம் ஷூ நிறுவனத்திடமிருந்து வருகிறது, ஏனென்றால் போர்டை ஸ்கேட்டர்கள் மட்டும் வாங்குவார்கள், ஷூவை எல்லோரும் வாங்குவார்கள். மகனின் ஷூவைப் பாருங்கள், சுண்டுவிரல் பக்கம் ஓட்டை விழுந்திருக்கும். கையால் பிடிக்காமல் போர்டோடு எம்பிக் குதிக்கும் ஒவ்வொரு 'ஆலி'யிலும் அந்த இடம் போர்டின் உப்புத்தாள் பரப்பில் உரசுகிறது. வாரக்கணக்கில் ஒரு ஜோடி தீர்ந்துவிடும்.

எனவே, ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடுவது ஷூவைப் பற்றிய வரிகளை. போர்டு நிறுவனம் ஷூவுக்கும் உடைக்கும் சேர்த்து உரிமை கேட்டால் அதை அடித்துவிடச் சொல்லுங்கள். காலம் ஓராண்டுக்கு மேல் வேண்டாம். பயணச் செலவு யாருடையது, இதழில் படம் வந்தால் ஊக்கத்தொகை உண்டா, விலகிய பிறகு நிறுவனம் அவன் பெயரையும் படத்தையும் பயன்படுத்தலாமா என்பவை எழுத்தில் இருக்கட்டும். வழக்கறிஞர் ஒருவர் ஒருமுறை படித்துவிடுவது நல்லது. ஸ்பான்சர் பணம் பொதுவாகச் சுயதொழில் வருமானமாகவே வரும். முதலாளி வரி பிடித்துத் தரமாட்டார், 15.3 சதவீத சுயதொழில் வரியை அவனே கட்ட வேண்டியிருக்கும்.

கல்லூரியைப் பொறுத்தவரை, எல்லாப் பல்கலைக்கழகங்களும் இடத்தைப் பிடித்துவைப்பதில்லை. எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் சமுதாயக் கல்லூரியில் இரண்டு பாடங்கள் எடுத்துக்கொண்டே ஸ்கேட் செய்யலாம், படப்பிடிப்புகள் பெரும்பாலும் வார இறுதியில்தான். இத்துறையில் நெடுங்காலம் நின்றவர்களில் பலர் கால் ஓய்வதற்கு முன்பே வேறொரு வேலையைக் கைவசப்படுத்தியவர்கள். ஆண்ட்ரூ ரெனால்ட்ஸ் 2000இல் 'பேக்கர்' நிறுவனத்தையும், பால் ரோட்ரிகஸ் 2014இல் 'ப்ரிமிட்டிவ்' போர்டு நிறுவனத்தையும் தொடங்கினார்கள். உங்கள் மகனுக்கு ஒளிப்பதிவோ படத்தொகுப்போ பிடித்தால் இப்போதே பழகட்டும்.

கணுக்கால் முறிவு இந்தத் தொழிலில் சாதாரணம். ஒப்பந்தம் எதுவானாலும் மருத்துவக் காப்பீட்டை நிறுவனம் தரும் என்று எண்ண வேண்டாம். உங்கள் காப்பீட்டில் பிள்ளைகளைச் சேர்க்க முடியுமென்றால், 26 வயது ஆகும்வரை அவனை அதிலேயே வைத்திருக்கலாம். 18 வயது ஆகும்வரை கலிஃபோர்னியாவில் பொதுத் தெருவில் ஸ்கேட் செய்யும்போது ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம், அவன் எவ்வளவு முணுமுணுத்தாலும்.