படிவத்தின் ‘அனுப்பு’ பொத்தான் டேபில் சிக்கவில்லையா?

டேப் விசையைத் தட்டினால் உங்கள் படிவத்தின் ‘அனுப்பு’ பொத்தானுக்குப் போக முடியவில்லை என்று கேட்டு, அதன் எச்டிஎம்எல் நிரலையும் ஒட்டியிருந்தீர்கள். அந்த ‘அனுப்பு’ டிவ்வை (div, தனக்கென வேலை எதுவும் இல்லாத வெறும் பெட்டி டேக்) எடுத்துவிட்டு அசல் பட்டன் டேகைப் (button) போடுங்கள். நீங்கள் ஒட்டிய நிரலில் அது கிளிக் நிகழ்வு சேர்த்த வெறும் டிவ். பார்வைக்குப் பொத்தான்தான். ஆனால் டேப் வரிசையில் அதற்கு இடமில்லை. அதனால்தான் உங்கள் பயனர் கைபேசி எண் பெட்டியிலிருந்து டேப் தட்டினால் நேரே பக்கத்தின் அடிப்பகுதி இணைப்புக்குப் போய்விடுகிறார்.

“என்விடிஏ (திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் மென்பொருள்) போட்டு நானே அழுத்தினேனே, வேலை செய்தது” என்கிறீர்கள். அம்புக்குறியால் வரிவரியாக இறங்கி வந்திருப்பீர்கள். அந்த முறையில் ‘கிளிக்கபிள்’ என்று படிக்கும், என்டரும் பெரும்பாலும் எடுபடும். ஆனால் படிவம் நிரப்புகிறவர்கள் பெரும்பாலும் அப்படி வருவதில்லை, டேப்தான்.

சோதிக்க, மவுஸைத் தொடாமல் முதல் பெட்டியிலிருந்து கடைசிவரை டேபிலேயே போங்கள். அப்புறம் எழுதும் பெட்டிக்குள் இல்லாமல் பக்கத்தில் வேறு எங்காவது நின்று, என்விடிஏவில் ‘பி’ (B) எழுத்தைத் தட்டுங்கள். அது பொத்தானுக்குப் பொத்தான் தாவும். உங்களுடையது வராவிட்டால் காரணம் இதேதான்.

டேப்இன்டெக்ஸ் (டேப் வரிசையில் சேர்ப்பது), ரோல் (இது பொத்தான் என்று அறிவிப்பது) இரண்டையும் டிவ்விலேயே ஒட்டிச் சமாளிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். என்டர், ஸ்பேஸ் இரண்டுக்கும் தனியாக ஸ்கிரிப்ட் எழுதவேண்டி வரும்.

ஒன்றைக் கவனியுங்கள்: படிவத்துக்குள் இருக்கும் பட்டன் எதுவும் டைப் (type) குறிப்பிடாவிட்டால் படிவத்தை அனுப்பும் சப்மிட் பட்டன் ஆகிவிடும். ‘அழி’, ‘ஓடிபி அனுப்பு’ போன்றவற்றுக்கு டைப்பைப் ‘பட்டன்’ என்றே கொடுங்கள். இல்லையென்றால் ஓடிபி கேட்டவுடன் பாதிப் படிவம் பறந்துவிடும்.